வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? மலைநாட்டில் வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

இரசாயன விபத்து என்றால் போபால் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கொழும்புப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகள். மலைநாட்டில் என்ன இருக்கிறது, தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலையும் போய்லரும்தானே என்று கேட்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. மேட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையம், அதன் ஓரத்தில் ஒரு சின்ன அறை, அறைக்குள் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் சிலிண்டர். சின்னது 68 கிலோ, பெரிய டிரம் என்றால் 900 கிலோவைத் தொடும். உள்ளே திரவமாக இருக்கிற ஒரு லீட்டர் வெளியே வந்தால் 450 லீட்டருக்கு மேல் வாயுவாகப் பரவும். அப்படி ஒரு நிலையத்தில் நான் ஒப்பரேட்டராக இருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

சிலிண்டர் மாற்றும்போது இணைப்பில் ஓர் ஈய வொஷர் போடுவோம். ஒருமுறை இறுக்கினால் ஈயம் நசுங்கிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதுதான் போட வேண்டும். அன்றைக்கு வொஷர் கையிருப்பு முடிந்திருந்தது. பகல் ஷிஃப்டில் யாரோ பழையதையே போட்டு இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரவு பத்து மணி போல அலாரம் அடித்தது.

சுவரில் ஒட்டியிருந்த அவசர வழிப் படத்தின்படி எல்லோரும் கேட்டடியில் கூட வேண்டும். கேட் கீழே, பள்ளத்துப் பாதையோரம். குளோரினோ காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். இரவில் மலைக்காற்று எந்தப் பக்கம் போகும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று சரிவோடு இறங்கும். லயத்து அடுப்புப் புகை கூட அந்த நேரத்தில் பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும். ஆக, அந்தப் படத்தை வரைந்தவர் வாயு போகிற வழியிலேயே எங்களையும் அனுப்பி வைத்திருக்கிறார். சமதரையில் உட்கார்ந்து வரைந்திருப்பார், வேறென்ன.

வாட்ச்சர் ஐயாதான் "கீழ போகாதீங்க தம்பி, டேங்க் பக்கம் ஏறுங்க" என்று கத்தினார். ஏறினோம். மேலே மூச்சுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கேட்டுக்கு வெளியே சில்லறைக் கடை வைத்திருந்தவர் மறுநாள் காலையில் கண் சிவக்க வந்து எங்களோடு சண்டை பிடித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகமூடி அறைக்கு வெளியே மாட்டியிருந்ததால் இரண்டு பேர் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போக முடிந்தது. (சில இடங்களில் முகமூடியை அறைக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள். அப்படி வைத்தவரைத்தான் முதலில் உள்ளே அனுப்ப வேண்டும்.) அமோனியா தோய்த்த துணியை இணைப்புக்குப் பக்கத்தில் காட்டினால், கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை எழும். அப்படித்தான் இடத்தைக் கண்டுபிடித்து வால்வை மூடினார்கள். ஒருவர் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார், தடுத்துவிட்டோம். கசிகிற இடத்தில் தண்ணீர் பட்டால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும், ஓட்டை இன்னும் பெரிதாகும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. முதலில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பையன் கொஞ்சம் இருமினான், "ஒண்ணும் இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். விடியப் போகிற நேரத்தில் மூச்சு வாங்கி, நெஞ்சு களகளவென்று சத்தம் போட, த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளோரின் பட்ட நுரையீரலில் பல மணி நேரம் கழித்துக்கூட நீர் கோக்கும். பிழைத்துக்கொண்டான். நெடி பட்டவர் சிரித்துப் பேசினாலும் விடாதீர்கள், 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் கொம்பனியில் மேட்டில் ஒன்று, கேட்டில் ஒன்று என்று இரண்டு கூடுமிடம் வைத்தார்கள். காற்றின் திசை காட்ட ஒரு துணிக்கூம்பும் கட்டினார்கள். இரவிலும் தெரிய அதற்கு மேலே ஒரு லைட்.

யட்டியாந்தோட்டையிலிருந்து:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் எங்கள் பக்கத்தில் ஓடாமல் நிற்கிறவர்களைவிட உள்ளே ஓடுகிறவர்கள்தான் சாகிறார்கள். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அமோனியாத் தொட்டிக்குள் விழுந்த ஒருவரைக் காப்பாற்றப் போய், எல்லாமாக ஐந்து பேர் இறந்து போனார்கள்.

நான் ரப்பர் ஸ்டோரில் மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் பயம் கழிவுக் குழி. ரப்பர் பால் கழுவிய தண்ணீர் தேங்கி அழுகினால் ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயு வரும். கொஞ்சமாக இருக்கும்போது கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு சேர், இறங்கலாம்" என்று ஒரு தொழிலாளி பம்ப் ஹோஸை எடுக்கக் காலை வைத்தார். சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன். நல்லாத் திட்டினார், பரவாயில்லை. இப்போது குழி மூடிக்குப் பூட்டு, சாவி என்னிடம். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையோடு மேலே ஆள், அதற்கு முன்னால் புளோவர் வைத்துக் காற்றடிப்பு. இது மூன்றும் இல்லாமல் சாவி வராது, துரையே கேட்டாலும்.

இன்னொன்று: ரப்பரை வெளுக்கப் போடும் மெட்டாபைசல்பைட்டையும் பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் கந்தக வாயு வந்து தொண்டையைப் பிடிக்கும்.

பண்டாரவளைப் பக்கம், தோட்டத்திலிருந்து ஓர் அக்கா:

நீங்கள் பெரிய இடத்துக் கதை சொல்கிறீர்கள். என் வீட்டுக்காரர் மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர். கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வருகிற நாளில் எல்லோரும் போடுவார்கள். மற்ற நாளில் ஏன் போடுவதில்லை என்று கணக்கப்பிள்ளை ஏசுவார். மூடுபனியில் கண்ணாடி மங்கிப்போய் சரிவில் கால் வைக்கிற இடம் தெரியாவிட்டால் மனுசன் என்ன செய்வார்? விழுந்தால் முதுகில் இருக்கிற டாங்கியும் சேர்ந்துதான் விழும். அதை யாரும் கேட்கவில்லை. பனி ஏறாத கண்ணாடி இருக்கிறதாம், அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மருந்தடித்த சட்டையைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைப்பதை மட்டும் நான் வந்த அன்றே நிறுத்திவிட்டேன்.

மறுபடியும் தலவாக்கலைக்காரர்:

அக்கா, கண்ணாடி விஷயத்தை விடாதீர்கள், அது நியாயமான கோரிக்கை. யட்டியாந்தோட்டைத் தம்பிக்கு ஒன்று: அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கும். திரவமாகக் கசிந்தால் அப்படி இல்லை, ஈரக் காற்றோடு சேர்ந்து குளிர்ந்த வெள்ளை மூட்டமாகத் தரையோடு நகரும். நம்மூர் மூடுபனியில் எது பனி, எது அமோனியா என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் அந்தக் கூம்பைப் பார்த்துக் காற்றுக்குக் குறுக்கே போங்கள், பிறகு மேடு ஏறுங்கள்.