புதுப்பிப்பு: வேற்றுக்கோள் குளத்து உயிர்களுக்கான சுருதிமையமற்ற இசை

வேற்றுக்கோள் குளமொன்றில் வாழ்வதாக நான் கற்பனை செய்த உயிர்களுக்காக, எந்தச் சுரமும் மையமாக அமையாத (சுருதிமையமற்ற) இசையை முன்னேற்பாடின்றிப் புனைந்து வாசிக்கும்போது, அது ஏதேனும் ஒரு சுரத்தையே ஆதாரமாகப் பற்றிக்கொள்கிறது; இதைத் தவிர்ப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1920களில் வகுத்த பன்னிரு சுர வரிசை முறையை (பன்னிரண்டு சுரங்களையும் ஒரே வரிசையில் அமைத்து, அந்த வரிசைப்படியே கையாள்வது) முதலில் முயன்றேன். வரிசையை நினைவில் வைப்பதிலேயே கவனம் சென்றதால் குளம் மனத்திலிருந்து மறைந்துவிட்டது. பலன் தந்தது, ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இடைவெளியை (இரு சுரங்களுக்கு இடையிலான தூரம்; அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி ஓர் அரைச்சுரம்) ஒதுக்கும் யோசனைதான்: மிதக்கும் இழையுயிருக்கு 6 அரைச்சுரங்கள், சேற்றில் ஊர்வதற்கு 11, கூட்டமாகத் துடிப்பவற்றுக்கு 1. காதை ஆதாரத்துக்கு இழுக்கும் 7, 12 ஆகியவற்றை விலக்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: இடைவெளிகள் சரியாக இருந்தும், சேற்றுயிரின் தாழ்ந்த சுரத்தை நீட்டிப் பிடித்தபோதெல்லாம் அதுவே ஆதார சுருதியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதை வேறு சுரத்திலிருந்து தொடங்கிய பின்னரே இசை எங்கும் நிலைகொள்ளாமல் நீந்தியது.