ஒசாகாவில் இரவு எங்கே சாப்பிடுவது? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

வள்ளி, மாலை 6:12
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் ஜப்பான் செல்வது உறுதியாகிவிட்டது. அதில் ஒசாகாவில்தான் அதிக நாட்கள் தங்குகிறோம். பகலில் எங்கே போவது என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கோட்டையும் கோயிலும் எங்கும் ஓடிவிடாது. ஆனால் அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதன் இரவையும் சாப்பாட்டையும்தான் சொல்கிறார்கள். என் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். அரவிந்தோ நள்ளிரவுக்கு முன் அறைக்குத் திரும்பமாட்டான். போய்வந்த மீனாட்சி அத்தையும், பக்கத்தில் கோபேயிலேயே இருக்கும் கார்த்திக்கும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுந்தரம் பெரியப்பா, மாலை 6:15
நல்ல செய்தி, வள்ளி. எல்லோருக்கும் வழக்கமான வேண்டுகோள்தான்: கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், சொல்வதை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மீனாட்சி அத்தை, மாலை 6:31
உள்ளதைச் சொல்கிறேன், வள்ளி. எல்லோரும் முதலில் உன்னை தோத்தொன்போரி வாய்க்காலுக்குத்தான் அனுப்புவார்கள். பார்க்க அழகுதான், அதை மறுக்கமாட்டேன். கட்டடத்தின் முகப்பில் ஒரு ராட்சத நண்டு கால்களை அசைத்துக்கொண்டிருக்கும், எபிசுபாஷி பாலத்தின் மீது நின்றால் கைகளை உயர்த்தி ஓடிவரும் கிளிகோ மிட்டாய் நிறுவனத்து வீரனின் ஒளிப்பலகை தண்ணீரில் விழுந்து மினுங்கும். ஆனால் அந்தப் பாலத்தில் காலூன்ற இடமில்லை. ஒவ்வொருவரும் அந்த வீரனைப்போலவே கையைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்று படமெடுத்துக்கொள்வதால், கடந்து போகிறவர்கள் யாருடைய முழங்கையிலாவது இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். சாப்பாட்டுக் கடைகளின் முன்னே நின்ற வரிசையில் உள்ளூர்க்காரர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. என் கணக்கில் அது பார்க்கும் இடம், சாப்பிடும் இடமன்று.

கார்த்திக், மாலை 6:44
அத்தை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் அதிகம்தான், விலையும் கூடுதல்தான். ஆனாலும் அந்த இடத்தை வெறும் விளம்பரப் பலகை என்று தள்ளிவிட முடியாது. அந்த வாய்க்கால் 1615-இல் வெட்டி முடிக்கப்பட்டது. வேலையைத் தொடங்கிவைத்த தோத்தொன் என்பவர் அதே ஆண்டு நடந்த ஒசாகாப் போரில் இறந்துபோனதால், அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு அதன் தென்கரையில் கபுகி என்ற மரபு நாடக அரங்குகளும் பொம்மலாட்ட அரங்குகளும் வரிசையாக எழுந்தன. நாள் முழுக்க நாடகம் பார்க்க வந்தவர்களுக்குச் சோறு போடத்தான் அங்கே உணவுக்கடைகள் பெருகின. அரங்குகள் பெரும்பாலும் போய்விட்டன, கடைகள் மட்டும் நிலைத்துவிட்டன. அத்தை பார்த்த கிளிகோ பலகை 1935-இல் முதலில் வைக்கப்பட்டது; இப்போதிருப்பது 2014-இல் எல்இடி விளக்குகளோடு வந்த ஆறாவது பலகை. நள்ளிரவோடு அதை அணைத்துவிடுவார்கள் என்பதால், படம் வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம் பெரியப்பா, மாலை 6:49
வரலாறு இருக்கட்டும், கார்த்திக். வள்ளி கேட்டது வயிற்றைப் பற்றி. அங்கே போனால் என்னதான் வாங்கிச் சாப்பிடுவது?

கார்த்திக், மாலை 7:03
பாலத்தருகே நின்றுகொண்டே சாப்பிட தக்கோயாக்கி ஒன்று போதும், அப்பா. நம் பணியாரக் கல்லைப் போன்ற குழிகள் உள்ள இரும்புத் தட்டில், நீர்த்த கோதுமை மாவை விளிம்பு வழிய ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு ஒன்றைப் போடுகிறார்கள். மாவு பாதி வெந்ததும், கடைக்காரர் கையிலுள்ள மெல்லிய இரும்புக் கம்பியால் குழிக்கு வெளியே வழிந்த மாவைக் கோடு கிழித்துப் பிரித்து, உள்ளே மடித்துத் தள்ளி, ஒரே சுழற்றில் உருண்டையாகத் திருப்பிவிடுவார். அந்தக் கை வேகத்தைப் பார்க்கவே நான் பலமுறை வாங்காமலும் நின்றிருக்கிறேன். எட்டு உருண்டைகள் அறுநூறு முதல் எண்ணூறு யென் வரை ஆகும். ஓர் எச்சரிக்கை: மேல்தோல் ஆறியிருந்தாலும் உள்ளே குழம்பாக இருக்கும் மாவு வாயைச் சுட்டுவிடும், ஆகையால் குச்சியால் குத்தித் திறந்து ஆவி போனபிறகு சாப்பிடுங்கள். தக்கோயாக்கியை 1935-இல் ஒசாகாவில் விற்கத் தொடங்கிய ஐசுயா கடை, அதை இன்றும் சாஸ் ஊற்றாமலேயே விற்கிறது. மாவிலேயே சுவை இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

மீனாட்சி அத்தை, மாலை 7:08
தக்கோயாக்கியை நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்கு மனத்தில் நின்றது அந்தக் கூச்சலிலிருந்து நூறடி தள்ளியிருந்த ஹோசென்ஜி சந்துதான். கல் பாவிய நடை, காகித விளக்குகள், எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் கடைகள். நடுவிலுள்ள கோயிலில் ஃபுதோ தெய்வத்தின் சிலைமீது வருகிறவர்கள் எல்லோரும் அகப்பையால் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வதால், சிலை முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்து முகமே தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு, மது அருந்திவிட்டு வந்த அலுவலகக்காரர் ஒருவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முன்னால் நின்று பக்தியோடு தண்ணீர் ஊற்றினார்.

கார்த்திக், மாலை 7:15
அந்தச் சந்து இன்றும் குறுகலாக இருப்பதே ஒரு போராட்டத்தின் பயன், அத்தை. 2002-இலும் 2003-இலும் அங்கே தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தன. மீண்டும் கட்டும்போது கட்டட விதிப்படி பாதையை 4 மீட்டராக அகலப்படுத்த வேண்டிய நிலை வந்தது. அகலப்படுத்தினால் சந்தின் முகமே மாறிவிடும் என்று கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் கையொப்பம் திரட்டி, தீத்தடுப்பு ஏற்பாடுகளோடு பழைய குறுகலையே தக்கவைத்துக்கொண்டார்கள்.

வள்ளி, மாலை 7:21
இதைக் கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டுப் பேர் மட்டும் உட்காரும் கடைக்குள் மொழி தெரியாமல் நுழைந்தால் என்ன கொடுப்பார்கள், எவ்வளவு வாங்குவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

மீனாட்சி அத்தை, மாலை 7:34
அந்தப் பயம் உனக்கு மட்டுமன்று, உன் மாமாவுக்கும் இருந்தது. ஒரு சிறிய மதுக்கடையில் உட்கார்ந்ததும், நாங்கள் கேட்காமலேயே ஆளுக்கொரு கிண்ணத்தில் ஏதோ வேகவைத்த காயைக் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசம் என்று நினைத்து மகிழ்ச்சியாகச் சாப்பிட்ட மனிதர், ரசீதில் அதற்கும் ஒரு தொகை இருப்பதைக் கண்டதும், ‘நாம் கேட்கவே இல்லையே’ என்று தமிழில் வாதாடத் தொடங்கிவிட்டார். கடைக்கார அம்மாள் தலை தாழ்த்திப் புன்னகை செய்தாரே தவிர, தொகையைக் குறைக்கவில்லை.

கார்த்திக், மாலை 7:41
அது ஏமாற்று அன்று, இருக்கைக் கட்டணம். ஆளுக்கு முந்நூறு, நானூறு யென் அளவில் பெரும்பாலான மதுக்கடைகளில் உண்டு. அதற்கு ஈடாக அங்கே டிப்ஸ் என்ற பேச்சே கிடையாது, வைத்துவிட்டு வந்தாலும் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 விழுக்காடு, பொட்டலமாக வாங்கிப்போனால் 8 விழுக்காடு என்பதால், ஒரே பண்டத்துக்கு இரு விலை கண்டால் குழம்ப வேண்டாம். சிறிய கடைகள் பலவற்றில் அட்டை செல்லாது, ஆயிரம் யென் தாள்கள் கையில் இருக்கட்டும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது தெருவில் நின்று ‘வாருங்கள், மலிவு’ என்று அழைப்பவர்களுக்குத்தான். அப்படி அழைப்பதை நகரச் சட்டமே தடுக்கிறது, இருந்தும் தோத்தொன்போரியை ஒட்டிய நம்பா என்ற பகுதியில் இரவில் நிற்கிறார்கள். அவர்கள் பின்னே போனவர்களுக்குத்தான் ரசீதில் கணக்குப் புரியாத தொகைகள் வந்திருக்கின்றன. அரவிந்த், இது முக்கியமாக உனக்கு.

அரவிந்த், மாலை 7:44
புரிந்தது, மாமா. ஆனால் இதுவரை எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். ஆடல்பாடல் உள்ள இடங்கள் ஒசாகாவில் கிடையாதா? பத்து மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடுமா?

கார்த்திக், மாலை 7:58
அடங்காது. அமெரிக்கமுரா, ஷின்சாய்பாஷி பக்கம் விடியும்வரை நடக்கும் கிளப்புகள் இருக்கின்றன. ஆனால் அது 2016-இல்தான் சட்டப்படி சரியானது. 1948-இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி வாடிக்கையாளரை ஆடவிடுவதற்குத் தனி உரிமம் வேண்டியிருந்தது, அந்த உரிமம் இருந்தாலும் நள்ளிரவுக்குப் பிறகு ஆடக்கூடாது என்றிருந்தது. நெடுங்காலம் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த அந்தச் சட்டத்தைக் காட்டி, 2012-இல் ஒசாகாவிலேயே நூன் என்ற கிளப்பைக் காவல்துறை சோதனையிட்டு, உரிமையாளரைக் கைதுசெய்தது. அவர் வழக்காடி விடுதலை பெற்றார். இசைக்கலைஞர்களும் திரண்டு குரல் கொடுக்க, 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. விடியும்வரை நடத்தவேண்டுமானால் உள்ளே வெளிச்சம் 10 லக்ஸ் என்ற ஒளி அளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள்! மது அருந்தும் வயது 20. உனக்கு அது தாண்டிவிட்டது என்றாலும் வாசலில் கேட்பார்கள், கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போ.

சுந்தரம் பெரியப்பா, மாலை 8:02
அரவிந்த் திரும்பி வருவது எப்படி என்பதையும் சொல்லிவிடு.

கார்த்திக், மாலை 8:09
அங்கேதான் சிக்கல். மிதோசுஜி சுரங்க ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி விடியற்காலை ஐந்து மணிவாக்கில்தான் ஓடும். ஊரின் இரவே இந்தக் கடைசி ரயிலைச் சுற்றித்தான் நடக்கிறது. பதினொன்றரைக்கு மேல் கடைக்குள் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நீங்களே காண்பீர்கள். தவறவிட்டவர்கள் கரோக்கே அறையிலோ, ஆள் படுக்கும் அளவே உள்ள பெட்டிகளைக் கொண்ட கேப்சூல் விடுதியிலோ விடியும்வரை இருக்கிறார்கள். கேப்சூல் விடுதி என்பதே 1979-இல் ஒசாகாவின் உமேதாவில்தான் முதன்முதலாகத் தொடங்கியது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. நீங்கள் நம்பாவிலேயே அறை எடுத்தால் அரவிந்த் நடந்தே வந்துவிடலாம், டாக்சிக் கூலியும் மிஞ்சும்.

வள்ளி, மாலை 8:13
அறை நம்பாவில்தான் பார்த்திருக்கிறேன். இனி அத்தையின் துறையான சைவச் சாப்பாட்டுக்கு வருவோம். என் மாமியாருக்கு என்ன வழி?

மீனாட்சி அத்தை, மாலை 8:29
இதில்தான் நான் மிகவும் அல்லல்பட்டேன், வள்ளி. கண்ணுக்குத் தெரியும் மாமிசத்தைத் தவிர்ப்பது எளிது, தெரியாத மீன்தான் தொல்லை. அவர்களுடைய தாஷி என்ற சாறு கடற்பாசியையும் உலர்த்திச் சீவிய மீனையும் சேர்த்து எடுப்பது. நம் வீட்டில் உப்பில்லாத சமையல் இல்லாததுபோல, அங்கே அது சேராத சமையல் இல்லை. ஊடோன் நூடுல்ஸின் தெளிந்த ரசத்தில் இருக்கிறது, காய்கறிக் கூட்டில் இருக்கிறது, ஒக்கோனோமியாக்கி என்ற முட்டைகோஸ் அடையின் மாவைக் கரைப்பதே அதில்தான். அந்த மாவில் முட்டையும் உண்டு. மேலே தூவும் மீன் சீவல்கள் சூட்டில் உயிருள்ளவைபோல நெளிவதைப் பார்த்ததும், அரைமனத்தோடு உட்கார்ந்திருந்த நான் எழுந்தே விட்டேன். ‘மாமிசம் வேண்டாம்’ என்று சொன்னால் பன்றி இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு கொண்டுவருவார்கள். ஆகவே மாமிசம், மீன், முட்டை, தாஷி ஆகிய நான்கும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் கார்த்திக்கிடம் ஓர் அட்டை எழுதி வாங்கிக்கொள். நல்ல கடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, ‘எங்களால் முடியாது’ என்று வருத்தத்தோடு நேராகவே சொல்லிவிடுவார்கள், அதுவே பெரிய உதவி.

கார்த்திக், மாலை 8:40
அட்டையை இன்றிரவே எழுதி அனுப்புகிறேன். ஊரில் இந்திய, நேபாள உணவகங்கள் நிறைய இருப்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு அவர் பட்டினி கிடக்கமாட்டார். மதுக்கடையில் எங்களோடு உட்கார்ந்தால், உப்பிட்டு வேகவைத்த எதாமாமே என்ற பச்சைச் சோயாக் காய் தாராளமாகக் கிடைக்கும். குஷிகாத்சுவில் தாமரைத்தண்டு, கத்தரிக்காய் எல்லாம் குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள், ஆனால் மாவில் முட்டை இருக்கலாம், எண்ணெயும் பொதுவானது. அதனால் அது அவருக்கு வேண்டாம், உங்களுக்கு மட்டும்.

வள்ளி, மாலை 8:43
குஷிகாத்சுவை எங்கே சாப்பிடுவது? அதுவும் தோத்தொன்போரியிலா?

கார்த்திக், மாலை 8:57
அங்கும் கிடைக்கும், ஆனால் அது பிறந்த ஷின்செகாய்க்குப் போங்கள். 1912-இல் கோபுரமும் கேளிக்கைப் பூங்காவுமாகப் பகட்டாகத் தொடங்கிய பேட்டை அது, பிறகு தொழிலாளிகளின் பேட்டையாக மாறியது. கையில் பிடித்து விரைவாகத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்ப ஏற்றதாக இருந்ததால் குஷிகாத்சு அங்கே வேரூன்றியது; தாருமா என்ற கடை 1929-இலிருந்து இருக்கிறது. ஒரு குச்சி நூற்றைம்பது, இருநூறு யென். முன்பெல்லாம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தகரப் பெட்டியில் சாஸ் இருக்கும், கடித்த குச்சியை இரண்டாம் முறை அதில் முக்கக்கூடாது என்று சுவர்தோறும் எழுதியிருப்பார்கள். கூடுதலாக வேண்டுமென்றால், இலவசமாக வைக்கும் முட்டைகோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளவேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் சாஸைக் குப்பியில் அடைத்துவிட்டன, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். தெருமுனையில் நிற்கும் த்சூதென்காகு கோபுரம் 1956-இல் மீண்டும் கட்டியது. அதன் உச்சி விளக்கு மறுநாள் வானிலையைச் சொல்லும்: வெள்ளை என்றால் வெயில், ஆரஞ்சு என்றால் மேகமூட்டம், நீலம் என்றால் மழை.

மீனாட்சி அத்தை, மாலை 9:02
சிறிய கடைகள் சிலவற்றில் இன்னும் உள்ளேயே புகைபிடிக்கிறார்கள் என்பதையும் சொல், கார்த்திக். வாசலில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பார்த்துவிட்டு நுழைவது நல்லது, வள்ளியின் மாமியாருக்கு இருமல் வேறு.

வள்ளி, மாலை 9:06
ஆக, தோத்தொன்போரியை ஒரு மாலை சுற்றிப் பார்த்துவிட்டு ஹோசென்ஜிக்கு நழுவிவிடவேண்டும், ஷின்செகாய்க்குத் தனியாக ஓர் இரவு. கார்த்திக், நீ எங்களை அழைத்துப்போவதாக இருந்தால் எங்கே போவாய்?

கார்த்திக், மாலை 9:18
தென்மாவுக்கு, அக்கா. ஒசாகா நிலையத்திலிருந்து வட்ட ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம்தான். ஏறக்குறைய 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள தென்ஜின்பாஷிசுஜி கூரைக் கடைத்தெருவின் பக்கவாட்டுச் சந்துகள் முழுக்க, நின்றுகொண்டே குடிக்கும் சிறு கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் ஒரு கோப்பை, இரண்டு தட்டு, அரை மணி நேரம், அதோடு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடவேண்டும். பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர் என்று தானாகவே கேட்பார், தோக்கியோவில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று தோள் நுழைய இடமிருக்காது. செவ்வாய் அல்லது புதன் மாலை ஆறு மணிக்குத் தென்மா நிலைய வாசலில் நிற்கிறேன். உங்கள் மாமியாரை முதலில் ஓர் இந்திய உணவகத்தில் சாப்பிட வைத்துவிட்டு அழைத்து வாருங்கள், எதாமாமேயை நம்பி அவரை வெறும் வயிற்றோடு நிறுத்தவேண்டாம்.

வள்ளி, மாலை 9:22
புதன்கிழமையே வைத்துக்கொள்வோம். அத்தானிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா, மாலை 9:25
கார்த்திக், அந்த ஐசுயா கடையின் தக்கோயாக்கியை வள்ளி சாப்பிட்டுவிட்டு, சாஸ் இல்லாமலும் சுவையாக இருக்கிறதா என்று இங்கே எழுதவேண்டும். உன் நாக்கை மட்டும் நம்புவதாக இல்லை.