கழற்றி மாட்டும் பாசிமணி காலர்: துணி சுருங்குது, நூல் அறுகுது, எதை மாத்தணும்?

தையல்பெட்டி:
பிளெயின் குர்தி, கவுன் எதுக்கு மேலயும் மாட்டிக்கிற மாதிரி தனி காலர் ஒண்ணு கையால தைக்கிறேன். முனை வட்டம், அகலம் 6 செ.மீ., பின்கழுத்துல ஹூக். மேல்துணி பருத்தி சாட்டின். 11/0 அளவு (எண் கூடக் கூட மணி சின்னது) பாசிமணி, நடுவுல ரெண்டு வரிசை குழல் மணி. இடப்பக்கம் முடிஞ்சுது. ஆனா பேப்பர் பேட்டர்னை வச்சுப் பார்த்தா நீளத்துல 8 மி.மீ. குறையுது. குழல் மணி வரிசையில நூல் ரெண்டு இடத்துல அறுந்திருக்கு. வலப்பக்கம் தொடங்குறதுக்கு முன்னாடி எதை மாத்தணும்? இடைவெளியே இல்லாம முழுக்க நிரப்பினா மொத்தம் எத்தனை கிராம் மணி பிடிக்கும்?

ஊசிக்காது:
காலர் வடிவத்துல துணியை வெட்டிட்டுத்தான் மணி தைக்க ஆரம்பிச்சீங்கன்னா, பாதித் தப்பு அங்கேயே இருக்கு. மணி தைக்கிற துணி சுருங்காம இருக்காது, கொஞ்சமாவது உள்வாங்கும். அதனால வடிவத்தைத் துணியில வரைஞ்சு, சுத்தி 3 செ.மீ. விட்டு, வளையத்துலயோ சட்டத்துலயோ இழுத்து மாட்டித் தைங்க. தைச்சு முடிச்சதும் பேட்டர்னை மறுபடி மேல வச்சு ஓரம் குறிச்சு, அப்புறம் வெட்டுங்க. சாட்டின் தனியா இந்தப் பாரத்தைத் தாங்காது. அடியில கேன்வாஸ் (விறைப்பா நிக்க வைக்கிற உள்துணி) கண்டிப்பா வேணும். இஸ்திரியில ஒட்டுற கேன்வாஸ்னா மணி தைக்கிறதுக்கு முன்னாடியே ஒட்டிடணும். பிறகு அந்த இடத்துல இஸ்திரிப் பெட்டியை வைக்க முடியாது.

மீதிப் பாதி, ஊசி இறங்குற இடம். பின்தையல் போடும்போது 4 மணி கோர்த்து, கோட்டு மேல படுக்க வச்சு, விரல் நகத்தால பழைய மணியோட ஒட்டித் தள்ளுங்க. கடைசி மணி எங்க முடியுதோ அதே இடத்துல ஊசி செங்குத்தா இறங்கணும். அரை மணி முன்னாடியே இறக்கினா மணி கூன் போட்டு நிக்கும். தள்ளி இறக்கினா நூல் பல்லிளிக்கும். அதை மறைக்க நூலைச் சுண்டி இழுப்போம், உடனே துணி மடியும். உங்க 8 மி.மீ. பெரும்பாலும் இந்த இழுப்புலதான் போயிருக்கும். இறக்கின பிறகு 2-வது, 3-வது மணிக்கு நடுவுல மேல வந்து, கடைசி ரெண்டு மணிக்குள்ள மறுபடி ஊசியை விட்டு, அடுத்த 4 மணி. வளைவுல 4 வேண்டாம், ரெண்டு ரெண்டா எடுங்க. ஒரு வரிசை முடிஞ்சதும் துணியைத் தொடாம எல்லா மணி வழியாவும் நூலை இன்னொரு தடவை ஓட்டினா, கோணலா நிக்கிற மணியெல்லாம் நேராகிடும். இந்த ஓட்டத்துலயும் நூல் தளர்வாவே இருக்கட்டும்.

மணிச்சரம்:
குழல் மணியின் இரு வாயும் வெட்டிய கண்ணாடி விளிம்புதான். நூல் அங்கே திரும்பும்போதெல்லாம் அறுபடும். ஒவ்வொரு குழல் மணிக்கும் முன்னும் பின்னும் ஒரு 11/0 மணி கோர்த்துவிடுங்கள். நூல் அந்த வழவழப்பான மணியின் மேல்தான் திரும்பும். வாய் உடைந்த குழல் மணிகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

சாதாரணப் பருத்தி நூல் இதற்கு ஆகாது, பிசிறிவிடும். மணி கோர்க்கும் நைலான் நூல் அல்லது முறுக்கு உறுதியான பாலியெஸ்டர் நூல் எடுங்கள். நைலான் பின்னாளில் நீண்டு மணி தொங்கும் என்பதால், கோர்க்கும் முன்பே கையால் இழுத்துவிட்டு மெழுகில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு 70 செ.மீ. போதும். நீளமாக எடுத்தால் மிச்சமாவது நேரமல்ல, சிக்குதான். 11/0-க்கு 10-ஆம் எண் ஊசி சரி, 15/0-க்கு 12. மணிக்குள் ஊசி போக அடம்பிடித்தால் அழுத்தாதீர்கள். மணி உடையும், உடைந்த சில்லு நூலையும் அறுக்கும். 5 செ.மீ.க்கு ஒருமுறை பின்பக்கம் இரண்டு சின்னத் தையல் போட்டுப் பூட்டுங்கள். நாளைக்கு ஓரிடத்தில் அறுந்தாலும் வரிசை முழுவதும் உதிராது.

கணக்கு: 11/0 மணி கிராமுக்கு ஏறத்தாழ 110 வரும். நெருக்கி நிரப்பினால் 10 சதுர செ.மீ.க்கு 3 கிராம் பிடிக்கும். இரு பக்கமும் சேர்த்து 250 சதுர செ.மீ. என்று வைத்தால் 75 கிராம், அதாவது எட்டாயிரத்துக்கு மேல் மணிகள். கழிவு, உடைசலுக்குச் சேர்த்து 85 கிராம் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த முறை வாங்கும் பொட்டலத்தில் நிறம் லேசாக மாறியிருக்கலாம்.

நூல்கண்டு:
கணக்கு சரிதான். ஆனா முழுக்க நிரப்பவே வேண்டாம்னுதான் சொல்வேன். 75 கிராமும் முன்பக்கமே தொங்கினா பின்கழுத்து மேல ஏறி, ஹூக் கழுத்தை அறுக்கும். ஓரத்துல மூணு வரிசை நெருக்கமா, உள்ளே போகப் போகக் கலைச்சு விட்டாப்ல தைங்க. 30 கிராமுக்குள்ள முடியும், வட்ட முனையும் எடுப்பாத் தெரியும். ஹூக்கை மட்டும் நம்பாதீங்க. காலர் அடியில தோள் பக்கம் ரெண்டு, முன்பக்கம் ரெண்டு பிரஸ் பட்டன் வச்சு, எதிர்ப் பாதியை உடுப்புல தைச்சுட்டா நகராது.

ஓரத்து மணிக்கும் வெட்டுக் கோட்டுக்கும் நடுவுல 8 மி.மீ. வெறும் துணி விடுங்க. அதை உள்ளே மடிச்சுத் தைக்கணும். லைனிங்கை மென்மையான பருத்தியில, சுத்திலும் 2 மி.மீ. சின்னதா வெட்டி மறைதையல் போட்டா மேலேயிருந்து தெரியாது.

தையல்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. இடப்பக்கத்தை முழுசாப் பிரிக்கணுமா? அப்புறம், அழுக்கானா துவைக்கலாமா?

ஊசிக்காது:
முழுசா வேண்டாம். திருப்பிப் பார்த்தா எந்த வரிசையில நூல் கம்பி மாதிரி விறைச்சிருக்குன்னு தெரியும். அதை மட்டும் பிரிச்சுத் தளர்வாத் தைங்க. குழல் மணி ரெண்டு வரிசையும் எப்படியும் பிரிக்கத்தான் வேணும். அப்பவும் மிச்சமிருக்கிற குறையைப் பின்கழுத்து முனையில ஹூக் மாட்டுற லூப்போட நீளத்துல சரிக்கட்டலாம். வலப்பக்கத்தை வேணும்னே சின்னதாக்கிச் சமன் பண்ணப் பார்க்காதீங்க, முன்முனை ரெண்டும் நடுவுல சேராது.

மணிச்சரம்:
துவைப்பது மணியைப் பொறுத்தது. சில மணிகளில் நிறம் மேற்பூச்சு மட்டும்தான். நாலைந்து மணியைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு, காலையில் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த மணி காலருக்கு வேண்டாம், வியர்வைக்கே போய்விடும். தாங்குகிற மணி என்றால் ஆறிய தண்ணீரில் அலசி, பிழியாமல், துண்டின் மேல் தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் ஈரத்தோடு அந்தப் பாரமும் சேர்ந்து துணியை இழுத்துவிடும். ஹூக் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும்.