பாத்ரூம் சீலிங்ல கருப்பு பூஞ்சை, மேல பெயிண்ட் அடிச்சா போதுமா?

செங்காங்_அம்மா:
வணக்கம். எங்களுது சிங்கப்பூர் செங்காங்ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) அடுக்குமாடி வீடு. காமன் டாய்லட் சீலிங்ல கருப்பு கருப்பா புள்ளி, டிசம்பர் மழைல மூலையில மட்டும் இருந்துச்சு, இப்ப லைட்ட சுத்தி வந்துடுச்சு, பிளீச் போட்டு தொடச்சா போகுது, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுது. சின்னவனுக்கு ராத்திரியானா வறட்டு இருமல், காலைல எந்திரிச்சா தும்மல். காண்ட்ராக்டர் ஒருத்தர் மேல பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்கிறார். அடிக்கலாமா? இருமலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

ஈசூன்_அண்ணே:
அடிக்காதீங்கம்மா, காசு வேஸ்ட். உயிரோட இருக்குற பூஞ்சை மேல அடிச்ச பெயிண்ட் உரிஞ்சு வந்துடும். மொதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. சுடுதண்ணி குளிச்சு ஜன்னல மூடி வச்சா ஆவி சீலிங்ல படிஞ்சு பரவலா புள்ளி புள்ளியா வரும், அதுக்கு ஜன்னல தெறந்து ஃபேன் போட்டு காய விட்டாலே பாதி வேல முடிஞ்சுது. ஆனா யாரும் குளிக்காத நேரத்துலயும் ஈரமா இருக்கா, பைப் பக்கத்துல மஞ்சளா கறை இருக்கான்னு பாருங்க, இருந்தா அது மேல்வீட்டு ஒழுகல், நீங்க எவ்ளோ தேய்ச்சாலும் நிக்காது. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு பூஞ்சைக்கு சாப்பாடு போடவே வேணாம் லா.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:
சம்பந்தம் இருக்கலாம். பூஞ்சை வித்து காத்துல கலந்து மூக்குல போனா அலர்ஜி உள்ளவங்களுக்கு தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா இருந்தா வீசிங் கூடும். ஆனா தூசிப்பூச்சியும் காரணமா இருக்கலாம், அதனால பாலிகிளினிக்ல (அரசாங்க கிளினிக்) டாக்டர்கிட்ட காட்டிடுங்க, மூச்சு வாங்குனா காத்திருக்காதீங்க. கருப்பா இருந்தாதான் விஷம்னு வாட்ஸ்அப்ல சுத்துறத நம்பாதீங்க, நெறத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எந்த நெறமானாலும் எடுக்கணும்.
இன்னொண்ணு, பிளீச்சோட டாய்லட் கிளீனர், வினிகர் எதையும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், அந்த சின்ன ரூம்ல மயக்கமே போட்டுடும். அம்மோனியா உள்ள கிளீனரும் கூடாது. நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு கப் பிளீச் தாராளம், சீலிங்ல ஸ்ப்ரே அடிச்சா கண்ணுலதான் விழும், ஸ்பாஞ்ச் மாப்ல தொடைங்க. மாஸ்க், கையுறை, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்குங்க, பையன வெளிய அனுப்பிடுங்க.

செங்காங்_அம்மா:
அண்ணே, நீங்க சொன்னதுக்கப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன், பைப் ஓரத்துல மஞ்சக் கறை இருக்கு, தொட்டா ஜில்லுன்னு ஈரம். இப்ப யார்கிட்ட சொல்றது, டவுன் கவுன்சிலா?

ஈசூன்_அண்ணே:
டவுன் கவுன்சில் பிளாக்கோட பொது இடத்தத்தான் பாக்கும், வீட்டுக்குள்ள நடக்குறத பாக்காது. மேல்வீட்டுல சொல்லி ரெண்டு வீடும் சேந்து சரி பண்ணணும், தளத்துக்கு நடுவுல ஒழுகுனா ரெண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு. வீவக குட்வில் ரிப்பேர் உதவின்னு ஒண்ணு இருக்கு, தகுதி இருந்தா செலவுல வீவக 50 சதவீதம், நீங்க 25, மேல்வீடு 25. உங்க ஏரியா வீவக கிளைக்கு போட்டோவோட எழுதுங்க, ஆள் வந்து பாப்பாங்க. வாட்டர்ப்ரூஃபிங் வேல மேல்வீட்டுத் தரையிலதான் நடக்கும், அவங்க ஒத்துக்கிட்டாதான் நகரும். ஒழுகல் நின்னு சீலிங் நல்லா காஞ்சப்புறம் பூஞ்சை எதிர்ப்பு பெயிண்ட் அடிச்சுக்கலாம்.

செங்காங்_அம்மா:
மேல்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எங்க மாமியாருக்கு லிஃப்ட் சிநேகம், ரெண்டு பேரும் மலாய்ல மணிக்கணக்கா பேசுவாங்க. சாயங்காலம் மாமியாரையே போட்டோவோட மேல அனுப்பிடுறேன்.