இரண்டு சேர் பல் கிளினிக்: ஆய்வுக்கு ஆள் வருமுன் நாமே எதைப் பார்ப்பது?

கேட்டவர்: கடைவாய்ப்பல்

கும்பகோணம் பக்கம் சின்ன ஊரில் இரண்டு சேர் போட்டு பல் கிளினிக் நடத்துகிறேன். நான், உதவிக்கு ஒரு பெண், டோக்கன் கொடுக்க ஒருவர், அவ்வளவுதான். கிளினிக் பதிவுக்காக ஜே.டி. (மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசிலிருந்து அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள். காகிதமெல்லாம் ஃபைலில் இருக்கிறது: பல் மருத்துவக் கவுன்சில் பதிவு, எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, மருத்துவக் கழிவு எடுப்பவர்களோடு போட்ட ஒப்பந்தம்.

என் பயம் வேறு. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த எட்டுப் பேர் மூளைத் தொற்றில் இறந்தார்கள். சுத்திகரிக்காத பெரியாஸ்டியல் எலிவேட்டரால் (எலும்பிலிருந்து ஈறை விலக்கும் கருவி) சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த ஆட்களுக்கும் அதையே உபயோகித்தார்கள் என்று ஆய்வு செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று என் அலமாரியிலும் பாதி சலைன் பாட்டில் ஒன்று இருந்தது. உடனே கொட்டினேன். இதுபோல என் கண்ணில் படாதது இன்னும் என்ன இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஆட்டோகிளேவ் அக்கா

டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில் கருவி சுத்திகரிக்கும் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தவள் நான். ஃபைலை மூடி வையுங்கள். கூட்டம் உள்ள ஒரு சாயங்காலம், ஒருவர் வாயிலிருந்து வெளியே வந்த, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி அடுத்தவர் வாய்க்குள் போகிற வரைக்கும் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்காதீர்கள், திருத்தாதீர்கள். கேட்டால் சரியான பதில்தான் வரும். கை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் சிங்க். ரத்தம் காய்ந்த கருவியை அப்படியே ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியில் கிருமியைக் கொல்லும் மெஷின்) வைத்தால், ஒட்டியிருக்கிற அழுக்குக்கு அடியில் ஆவி போய்ச் சேராது. தேய்த்து, அலசி, துடைத்த பிறகுதான் பவுச், அதாவது கருவியைப் போட்டு ஒட்டி மெஷினில் வைக்கிற காகித உறை. அப்புறம் பவுச்சைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வெளியே வந்தால் அது சுத்தமான பவுச் இல்லை. ஈரக் காகிதம் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன கிளினிக்குகளில் நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான். அவசரத்தில் காய விடாமல் கதவைத் திறந்துவிடுவார்கள்.

பவுச் மேல் கோடு நிறம் மாறியதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சூடு பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. கிருமி செத்ததா என்று அறிய ஸ்போர் குப்பி, அதாவது எளிதில் சாகாத கிருமி வித்து அடைத்த சோதனைக் குப்பி, வைக்க வேண்டும். ஒன்றைக் கருவிகளோடு மெஷினுக்குள் வையுங்கள், இன்னொன்றை வெளியே வையுங்கள். இரண்டையும் இன்குபேட்டரில் போட்டால், வெளியே இருந்தது மஞ்சளாக வேண்டும், உள்ளே போய் வந்தது ஊதாவாகவே இருக்க வேண்டும். உள்ளே போனதும் மஞ்சளானால் மெஷினை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஹேண்ட்பீஸ், பல்லைக் குடைகிற சுழல் கருவி. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்தவருக்கு மாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. சுற்றல் நிற்கிற நேரத்தில் எச்சிலையும் ரத்தத்தையும் அது உள்ளே இழுக்கும். வெளியே துடைத்து என்ன பிரயோஜனம்? கணக்கு எளிது: சாயங்காலம் 12 பேர் வருகிறார்கள், கழுவி, எண்ணெய் விட்டு, ஆட்டோகிளேவில் போட்டுக் காய்ந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால், மூன்று ஹேண்ட்பீஸ் எப்படிப் போதும்? போதாத இடத்தில்தான் ஸ்பிரிட் பஞ்சு வரும். குறை அந்தப் பெண்ணிடம் இல்லை.

சேரிலிருந்து குழாய் வழியாக வாய்க்குள் பீய்ச்சுகிற தண்ணீரை மறக்காதீர்கள். மெல்லிய குழாய்க்குள் வழவழவென்று பாசி மாதிரி படியும். காலையில் இரண்டு நிமிஷம், ஒவ்வொருவருக்கு நடுவிலும் 20, 30 விநாடி ஓட விடுங்கள். எலும்பைத் திறந்து செய்கிற வேலைக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம். ஒருவருக்கு ஒரு சின்ன சலைன், மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பதில் 2: ஞானப்பல்

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். எக்ஸ்ரே எடுக்கும்போது போடுகிற லெட் ஏப்ரனை (ஈய அங்கி) மடித்து வைக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும், தொங்க விடுங்கள். பிடுங்கிய பல் எரிக்க அனுப்பும் மஞ்சள் கழிவுப் பைக்குத்தான் போகும், ஆனால் அமால்கம் (பாதரசக் கலவை) அடைத்த பல்லை அதில் போடக்கூடாது. எரிக்கும்போது பாதரசம் ஆவியாகும். அவசரத்துக்கு வைத்திருக்கிற அட்ரினலின் ஊசி மருந்துக் குப்பியின் காலாவதி தேதியையும் இன்றைக்கே பாருங்கள். என்னுடையது போன வருஷம் நான்கு மாதம் தாண்டியிருந்தது.

பதில் 3: டெல்டாக்காரன்

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, அடுத்த வாரம் பல் எடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் என்ன கேட்கலாம்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கம்.

ஆட்டோகிளேவ் அக்கா: தயங்காதீங்க தம்பி. "பவுச்சை எங்க கண் முன்னாடி பிரிங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். சர்க்கரை அளவையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைவாய்ப்பல்: அக்கா, நேற்று சாயங்காலம் நீங்கள் சொன்னபடியே கண்ணாடியின் பின்னால் போனேன். ஏழாவது ஆள் வரை எல்லாம் சரி. எட்டாவது ஆளுக்கு நான் "சீக்கிரம்மா" என்று குரல் கொடுத்தேன். அவள் ஆட்டோகிளேவைத் திறந்து ஈரப் பவுச்சைக் கையில் எடுத்தாள். காகிதம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான்தான் அவசரப்படுத்தினேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த நோயாளியைக் காத்திருக்கச் சொன்னோம். இன்னும் மூன்று ஹேண்ட்பீசுக்கும் இரண்டு செட் கருவிக்கும் ஆர்டர் போட்டாயிற்று. வந்து சேரும் வரை சாயங்காலம் எட்டு டோக்கன்தான். ஸ்போர் குப்பி வியாழக்கிழமை வருகிறது, நிறம் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.