சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை எலும்புக்கு உண்மையிலேயே உதவுமா?

கேள்வி – அடுப்படிமூலை
அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பில் டி-ஸ்கோர் (அடர்த்திக்கான மதிப்பெண்) மைனஸ் 1.9 வந்திருக்கிறது. தேய ஆரம்பித்திருக்கிறது, எலும்பு எளிதில் முறிகிற ஆஸ்டியோபொரோசிஸ் அளவுக்குப் போகவில்லை என்று சொல்லி டாக்டர் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதினார். இதற்குள் சித்தி ஒரு சோயா ஐசோஃபிளேவோன் டப்பாவோடு வந்துவிட்டார், செடியிலிருந்து எடுத்ததாம், பக்கவிளைவே கிடையாதாம். விலை 1,400 ரூபாய். ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, இல்லை டப்பாவில் அச்சடித்ததோடு சரியா?

பதில் – மாத்திரைப்பட்டை
இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று இடிக்கிறது. ஐசோஃபிளேவோன் என்பது சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற ஃபிளேவனாய்டுகள், அதாவது செடிகளில் இருக்கும் ஒருவகை வேதிப்பொருள்கள். இவை பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒட்டுகிற இடத்திலேயே போய் லேசாக ஒட்டும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகுதானே எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது, அதனால் யோசனை நியாயமானதுதான். 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 389 பெண்கள், பாதிப்பேருக்குத் தினம் 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீன், 2 வருடம். அவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்குக் குறைந்தது. விற்பவர்கள் காட்டுவது இதைத்தான். 2011-ல் வெளியான மயாமி ஆய்வை மட்டும் காட்ட மாட்டார்கள்: 248 பெண்கள், தினம் 200 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன், அதே 2 வருடம், எலும்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. திடீரென்று உடம்பு காந்தி வியர்ப்பது மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம்! இத்தாலியிலும் வயிற்றுக் கோளாறு இருந்தது, ஆக பக்கவிளைவே இல்லை என்பது சும்மா. இரண்டு ஆய்வும் பார்த்தது அடர்த்தியைத்தான், எலும்பு முறிவு குறைகிறதா என்பதை அல்ல.

பதில் – மாடித்தோட்டம்
அம்மா தைராய்டு மாத்திரை போடுகிறாரா? என் மாமியார் காலையில் அதைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தார், ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (ஏறினால் தைராய்டு போதவில்லை என்று அர்த்தம்) ஏறிக்கொண்டே போனது. சோயா அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாது. கால்சியமும் அப்படித்தான், நாலு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார்கள். அப்புறம், 1,400 ரூபாய் எதற்கு, வேலியில் பிரண்டை இருக்கிறதே?

பதில் – மாத்திரைப்பட்டை
பிரண்டையிலும் குவெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு உண்டு. ஆனால் பெரும்பாலும் எலிகளில் செய்த ஆய்வுகள், அதுவும் செறிவான சாறு வைத்து. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி கூடவே வைத்துத் துவையல் அரையுங்கள், சோற்றுக்கு அருமையாக இருக்கும். டாக்டர் எழுதியதை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

அடுப்படிமூலை
தைராய்டு மாத்திரை உண்டு, 50 மைக்ரோகிராம்! கால்சியத்தையும் அதோடு சேர்த்தே காலையில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், இன்றிலிருந்து அது ராத்திரிக்கு. டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை, கடையில் திருப்பி எடுப்பார்களா? சித்திக்குத் தெரியாமல்தான் கேட்க வேண்டும்.