பக்கத்துத் தோட்டத்து போக்கஸ் லைட்: நிறுத்தச் சொல்லிக் கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?

கொரங்காடு

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தோட்டம். களத்தில் ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிறேன். தெற்கே மூன்று வருடம் முன்புவரை ஒரு விளக்கு கிடையாது. ஏப்ரல் கடைசியில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் பனைமரத்தை ஒட்டி நிற்கும், அதற்கு மேலே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வெறும் கண்ணுக்கே பஞ்சுப் பிசிறு மாதிரி தெரியும். இப்போது அந்தத் திசையில் பெரியப்பாவின் ஆட்டுப்பட்டியும், கம்பத்தில் நூறு வாட் போக்கஸ் லைட்டும். முகம் நேராக என் களத்தைப் பார்த்து.

நாய்த் தொல்லைக்காகப் போட்டது. எங்கள் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, போன சித்திரை அமாவாசைக்குப் போய்க் கேட்டேன். "பெரியப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அந்த லைட்ட நிறுத்திக்கலாங்களா?" எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "அவ்வளவுதானா கண்ணு" என்று எழுந்து போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பார்த்த வானத்தை இனி எழுதிப் பயனில்லை. காலையில் பட்டியில் நாலு ஆடு கழுத்து கிழிந்து கிடந்தது. ஓடினேன். பெரியப்பா சாக்கு விரித்து மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நேத்து நல்லாத் தெரிஞ்சுதா கண்ணு?" என்றார்.

அவ்வளவுதான். அதில் குத்தல் இருந்ததா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் யோசிக்கிறேன். லைட் அன்று சாயங்காலமே திரும்ப எரிந்தது. அதற்கப்புறம் டெலஸ்கோப்பை வெளியே எடுக்கவில்லை.

தறிச்சத்தம்

முதலில் ஒன்று. வெளிச்சம் இருந்தால் நாய் வராது என்று யார் சொன்னது? எங்கள் மாமா தோட்டத்தில் இரண்டு போக்கஸ் லைட்டுக்குக் கீழேயே ஆறு குட்டி போச்சு. நாய் பட்டிக்குள் நுழைவது வேலியில் இருக்கும் சந்தால், இருட்டால் அல்ல. நீங்கள் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

என் கதை பல்லடம் பக்கம். மொட்டை மாடி, எதிரே தறி செட். ராத்திரி ஷிப்ட் ஓடும், ஜன்னல் வரிசை முழுக்க டியூப்லைட். ஓனரிடம் கேட்டதற்கு "ஆர்டர் இருக்குதுங்க" என்றார். லைட்டுக்கும் ஆர்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

தறி ஓட்டுகிற வடக்கத்திப் பையன் ஒருவன் டீ குடிக்க வெளியே வரும்போதெல்லாம் அண்ணாந்து என்னையே பார்ப்பான். ஒருநாள் மேலே கூப்பிட்டு வியாழனைக் காட்டினேன். கண்ணை எடுக்கவே இல்லை. அப்புறம் விரலை விரித்து "நாலு?" என்றான். நாலு நிலாவையும் தானே எண்ணியிருக்கிறான். மறுநாள் பார்த்தால் என் பக்கத்து இரண்டு ஜன்னலிலும் உள்ளிருந்து நூல் சாக்கு தொங்குகிறது. ஓனருக்குத் தெரியாமல் அவனே கட்டியிருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சாக்கு இன்னும் தொங்குகிறது.

டைமர் பாக்ஸ்

நானும் கேட்டிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அது கிடக்கட்டும். முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், எல்லோரும் கேட்பதே தப்பு. "லைட்ட நிறுத்துங்க" என்று கேட்டால் எவனும் நிறுத்தமாட்டான். "லைட்ட இன்னும் நல்லா எரிய வைக்கிறேங்க" என்று போங்கள்.

போக்கஸ் லைட்டை எல்லோரும் சுவரில் போர்டு மாட்டுவது மாதிரி நேராக மாட்டுகிறார்கள். பாதி வெளிச்சம் அடுத்தவன் காட்டுக்கும் ஆகாசத்துக்கும் போகிறது. பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடி தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துவிட்டால் நூறு வாட் செய்த வேலையை அதில் பாதி வாட்டே செய்யும். நம்பவில்லையென்றால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். விளக்குக்கு எதிரே நின்று, கையை நீட்டி அந்த வெளிச்சத்தை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். அதுவரை தெரியாத ஆள் கம்பத்துக்குப் பின்னால் நிற்பது தெரியும். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு திருடனுக்குத்தான் மறைப்பு.

அடுத்தது நிறம். கடையில் கேட்டால் 6500 கெல்வின் வெள்ளை பல்பைத்தான் எடுத்துத் தருவான். 2700, 3000 என்று போட்டிருக்கும் மஞ்சளைக் கேட்டு வாங்குங்கள். காற்றில் நீலம்தான் அதிகம் சிதறும். 450 நானோமீட்டர் அலைநீள நீலம் 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான், ராத்திரியில் ஊருக்கு மேலே பால் ஊற்றினாற்போல் வெளுப்பதும் இதனால்தான். பூச்சியும் மஞ்சளுக்குக் குறைவாகவே வரும், அதைச் சொன்னால் வீட்டுப் பெண்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள். கவிழ்க்க முடியாத விளக்கென்றால் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை இரண்டு பக்கம் வெட்டிக் கூண்டு மாதிரி மாட்டலாம், உள்பக்கம் கறுப்பு பெயின்ட். மோஷன் சென்சார் போட்டால் ஆள் நடந்தால் மட்டும் எரியும், திடீரென்று எரிவதுதான் நாயையும் திருடனையும் மிரட்டும். ஆனால் சென்சாரைப் பட்டிக்குள் பார்த்து வைக்காதீர்கள், ஆடு அசைந்தால் எரியும், அணையும், விடிய விடிய அதேதான்.

நொய்யல் கரை

டைமர் பாக்ஸ் அண்ணா, யாரும் உங்களிடம் எஸ்டிமேட் கேட்கவில்லைங்க. அனுபவம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்.

நான் அந்தப் பக்கத்து ஆள். லைட்டைப் போட்டவன். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அம்மா மட்டும். நான் திருப்பூரில். வயசானவர்கள் தனியாக இருக்கும் சாளைகளைப் பற்றி நம் பக்கம் என்ன சேதி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாலு மூலையிலும் நாலு விளக்கு போட்டேன். அடுத்த தோட்டத்துப் பையன் காலேஜ் படிக்கிறவன், வந்து "அண்ணா, ஒண்ணே ஒண்ண மட்டும்" என்றான். "உங்க ஆத்தாவத் தனியா விட்டுட்டு அப்புறம் வந்து பேசு" என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனான்.

ஒரு ஐப்பசி ராத்திரி டிரான்ஸ்பார்மர் போய் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. நான் அன்று அங்கேதான் இருந்தேன். அம்மா கட்டிலை வாசலில் இழுத்துப் போடச் சொன்னார். படுத்தபடியே கையைத் தூக்கி, "அதா பாரு கார்த்திகக் கூட்டம். அது உச்சிக்கு வந்தா கவலை பூட்டோணும்னு உங்கப்புச்சி எழுப்பி உட்டுருவாரு" என்றார். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. அம்மாவுக்கு வானம் தெரியும் என்பதே எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரியும். ரோகிணியைக் காட்டினார், இன்னும் ஏதோ இரண்டு பெயர் சொன்னார், அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கரண்ட் வந்தது. நாலு விளக்கும் ஒரே அடியாக எரிந்தது. அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. இப்போதும் நாலும் எரிகிறது. அந்த இரண்டு பெயரைத் திரும்பக் கேட்டேன், "எந்தப் பேரு?" என்கிறார்.

மடத்துக்குளம் காத்து

எங்களுக்குக் காற்றாலை. ராத்திரியானால் சுற்றிலும் சிவப்புக் கண்ணாக மினுக்கும். அது விமானத்துக்கு வைத்தது, யாரையும் கேட்க முடியாது, சிவப்பு என்பதால் கண் இருட்டுக்குப் பழகியதையும் பெரிதாகக் கெடுப்பதில்லை. எங்கள் எதிரி கோழிப்பண்ணை விளக்கு.

லடாக்கில் ஹான்லே பக்கம் 2022-இல் இருண்ட வானக் காப்பகம் (வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானத்தை இருட்டாகவே காக்கும் இடம்) என்று அறிவித்தார்கள், நம் காவலூர் வானாய்வகத்திலும் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது, நம்ம ஊருக்கும் அப்படி ஏதாவது கேட்கலாமே என்று கிராம சபையில் எழுந்து சொன்னேன். பின்னால் இருந்து ஒரு பெரியவர், "தம்பி, எங்க வீதில எரியாத லைட்டு மூணு இருக்குது, அங்க வந்து பாருங்க" என்றார். சபை முழுக்கச் சிரிப்பு. கோபம் வந்தது. ஆனால் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, அந்த வீதியில் நின்றால் திருவாதிரை செக்கச்செவேல் என்று தெரிகிறது. இப்போது வாரத்துக்கு ஒருநாள் அங்கேதான் உட்காருகிறேன். அந்த மூன்று லைட்டைச் சரிசெய்யச் சொல்லி மனுக் கொடுக்க என்னையே கையெழுத்து கேட்கிறார்கள். இன்னும் போடவில்லை.

தறிச்சத்தம்

போட்டுவிடுங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து அந்த வீதியில் நடந்து வரும் பெண்களை ஒரு நிமிடம் நினையுங்கள். உங்கள் திருவாதிரைக்காக அவர்கள் இருட்டில் நடக்கணுமா?

மடத்துக்குளம் காத்து

அதனால்தான் தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொரங்காடு

எல்லாவற்றையும் படித்தேன். தறிச்சத்தம் சொன்னதுபோல் நாய்க்கு வெளிச்சம் ஒரு பொருட்டில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதை நாலு ஆடு பறிகொடுத்தவரிடம் நான் எந்த வாயால் சொல்வது? மற்றவர் சொல்லலாம், நான் சொல்ல முடியாது.

டைமர் பாக்ஸ் அண்ணா, நொய்யல் கரை சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு உங்கள் டின் பிடித்திருக்கிறது. நேற்று ஒன்றை வெட்டிப் பார்த்தேன், கை கிழிந்தது, ஆனால் நன்றாகத்தான் வந்திருக்கிறது. உள்ளே கறுப்பு அடித்துக் காயவைத்தாயிற்று.

வரும் ஞாயிறு பெரியப்பா பட்டிக்குக் கம்பி வலை கட்டுகிறார். ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணன் போன் செய்தார், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கீழே ஒரு அடி மண்ணில் புதைத்துக் கட்டினால்தான் நாய் பறிக்காது. ஒரு நாள் வேலை இருக்கும். லைட்டைப் பற்றி வாயைத் திறக்கப்போவதில்லை. டின்னை மட்டும் வண்டிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறேன்.